மினி டிராக்டர்: வண்டி தங்கம், முன் ஆக்சில் சீல்தான் வம்பு

2025 செப்டம்பர் 22ஆம் தேதி டிராக்டருக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆக இறங்கிய நாளிலிருந்து ஒரே கேள்விதான் வந்துகொண்டிருக்கிறது: "நாலு ஏக்கர் தென்னந்தோப்பு இருக்கு, மினி டிராக்டர் எடுக்கலாமா?" வரிக்கு முந்தைய விலை 5 லட்சம் என்றால் 35,000 ரூபாய் மிச்சம். நல்ல காசுதான். ஆனால் வண்டி வாங்கும் முடிவை வரி மிச்சத்தை வைத்து எடுக்கக் கூடாது.

எச்பி, கியர், லிப்ட் எடை எல்லாம் டீலர் தரும் நோட்டீஸிலேயே இருக்கிறது. இது 24 எச்பி, நாலு வீல் டிரைவ் வண்டி ஒன்று, சொந்த உழவும் வாடகை உழவுமாக மீட்டரில் 1,000 மணி நேரம் தாண்டியபின் எப்படி இருக்கிறது என்பதைப் பற்றியது.

வெறும் தோப்பில், 25 அடி இடைவெளியில், 45 எச்பி வண்டியும் தாராளமாக ஓடும். நடுவில் வாழையோ கோகோவோ ஜாதிக்காயோ வைத்துவிட்டால் பெரிய வண்டிக்கு அங்கே வேலையில்லை. வரப்போரம் அது முன்னும் பின்னும் எடுத்துத் தவிக்கிற இடத்தில் மினி ஒரே ஒடிப்பில் திரும்பிவிடும். மழை பெய்த மறுநாள், மண் இன்னும் காலில் ஒட்டும்போதே இறங்கலாம். முன் சக்கரமும் இழுப்பதால் வண்டி நின்ற இடத்தில் சுற்றிக் குழி பறிப்பதில்லை. டீசலும் ரோட்டவேட்டர் (சுழலும் கத்தியால் மண்ணைக் கிளறும் கருவி) ஓட்டும்போது மணிக்கு 3 லிட்டர் சுற்றித்தான்.

ரோட்டவேட்டர் 3.5 அடி அகலம் போதும். "4 அடி போடுங்க, வேலை சீக்கிரம் முடியும்" என்பார்கள். காய்ந்த செம்மண்ணில் 4 அடியை இறக்கினால் என்ஜின் திணறும், ரோட்டவேட்டரைச் சுழற்றும் பின்பக்கத் தண்டின் (பிடிஓ) வேகம் நிமிடத்துக்கு 540 சுற்றுக்குக் கீழே விழும், கட்டி உடையாது. கடைசியில் இரண்டு ஓட்டாகிவிடும். மரத்தைச் சுற்றி 6 அடிக்குள் ரோட்டவேட்டரை இறக்கவே வேண்டாம். உரம் இழுக்கிற வேர் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

இனி முன் ஆக்சில், அதாவது முன் அச்சு.

நாலு வீல் டிரைவ் என்றால் முன் ஆக்சிலுக்குள்ளும் கியர், பேரிங், ஆயில் எல்லாம் உண்டு. மினி வண்டியில் இந்த ஆக்சில் தரைக்கு அதிக உயரத்தில் இல்லை. தோப்புத் தரையில் கிடப்பதெல்லாம் என்ன? பன்னாடை, வாழை நார், வாழைக்கு முட்டுக் கட்டிய பிளாஸ்டிக் கயிறு, அறுந்த சொட்டுநீர் டியூப். இதில் ஏதாவது ஒன்று முன் சக்கர ஹப்பின் (சக்கரத்தின் மையப் பகுதி) உள்பக்கம் சுற்றிக்கொள்ளும். சுற்றச் சுற்ற இறுகி, ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீலின் உதட்டைத் தின்றுவிடும். பிறகு மண் உள்ளே போகும், ஆயில் வெளியே வரும். ரிம்மின் உள்பக்கம் எண்ணெயும் புழுதியும் சேர்ந்து கறுப்புக் களிம்பாக அப்பியிருந்தால் சீல் போய்விட்டது என்று அர்த்தம். அப்போதும் பார்க்காமல் விட்டு ஈர வயலில் ஓட்டினால் தண்ணீர் ஏறும். டிரெயின் பிளக்கைக் கழற்றினால் ஆயில் மோர் மாதிரி வரும். அதற்குப் பிறகு பேரிங் செலவு.

சீலின் விலை சில நூறுதான். ஆக்சிலை முட்டுக்கொடுத்து, சக்கரம் கழற்றி, ஆக்சில் கூட்டைப் பிரித்து மாட்டுவதற்குள் ஒரு நாள் போய்விடும். வாரண்டி இருந்தாலும் சீலைத் தேய்மானக் கணக்கில்தான் பெரும்பாலும் எழுதுவார்கள். இதைவிட எரிச்சல், புது சீல் போட்ட ஒரு மாதத்தில் மறுபடி ஒழுகுவது. இரண்டு காரணங்களை மெக்கானிக்குகள் தவறவிடுகிறார்கள். ஒன்று, சீல் உட்காருகிற ஷாப்ட்டில் பழைய உதடு தேய்த்த வரிப்பள்ளம். நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டினால் புது சீலை ஒரு மில்லிமீட்டர் தள்ளி உட்கார வைக்க வேண்டும், இல்லையென்றால் பள்ளத்தை மூடும் மெல்லிய உலோக உறையான ஸ்லீவ் போட வேண்டும். இரண்டு, பிரீதர். ஆக்சில் மேலே சுண்டுவிரல் அளவில் ஒரு மூச்சுத் துளை மூடி இருக்கும். அது சேற்றில் அடைத்துக்கொண்டால், சூடேறி உள்ளே ஏறும் அழுத்தத்துக்கு வேறு வழி கிடையாது; சீலைத்தான் தள்ளும். இதைக் கழற்றி டீசலில் கழுவி ஊதி மாட்ட ஐந்து நிமிடம். அளவுக்கு மேல் ஆயில் ஊற்றினாலும் இதே கதிதான். லெவல் பிளக் வரைக்கும் ஊற்றினால் போதும்.

தார் ரோட்டில் ஏறியதும் நாலு வீல் லிவரை விடுவித்து முன் சக்கர இழுப்பை நிறுத்திவிடுங்கள். முன் சக்கரம் பின் சக்கரத்தைவிடச் சற்று வேகமாகச் சுற்றும்படிதான் கியர் விகிதம் வைத்திருக்கிறார்கள். மண்ணில் அது வழுக்கிச் சரியாகிவிடும், தாரில் வழுக்க இடமில்லை. முன் டயரும் தேயும், உள்ளே கியரும் இறுகும். டயர் மாற்றும்போது "கொஞ்சம் பெருசு போடலாம்" என்ற யோசனைக்கும் இதுதான் பதில்: கூடாது, அந்த விகிதம் கெட்டுவிடும்.

சரி, வாங்கலாமா? கணக்குப் போட்டால் கூடாது. 3.5 அடி ரோட்டவேட்டரில் ஏக்கருக்கு ஏறக்குறைய 2 மணி நேரம். நாலு ஏக்கர், வருடம் நாலு உழவு, மொத்தம் 32 மணி. அதற்கு வேளாண்மைப் பொறியியல் துறையிலோ பக்கத்துத் தோட்டத்திலோ வாடகை வண்டி பிடிப்பதுதான் லாபம். மானியத்தில் சிறு, குறு விவசாயிக்குப் பாதி வந்தாலும் தினசரி வேலை இல்லாத வண்டி ஷெட்டில் நின்றபடி பேட்டரியைத்தான் சாகடிக்கும்.

ஆனால் மழை விட்ட மறுநாள் ஊரில் எல்லோரும் ஒரே வண்டிக்கு வரிசையில் நிற்பார்கள். ஈரம் மூன்று நாளில் போய்விடும். அந்த மூன்று நாளுக்காக வாங்குகிறேன் என்றால், வாங்குங்கள். டீலரிடம் போனதும் குனிந்து முன் ஆக்சிலைப் பாருங்கள். ஹப் உள்பக்கம் கயிறு சுற்றாமல் தடுக்கும் தகடு இருக்கிறதா, பிரீதர் எங்கே என்று கேளுங்கள். காட்டத் தெரியாத கடையில் சர்வீஸுக்கு நிற்காதீர்கள்.