56 ஆயிரம் டொலர் ஜீப்புக்கு கொழும்பில என்ன விலை: லாண்ட் குரூசர் 300, 250, டிஃபெண்டர், டாங்க் 500 ஒரு அலசல்

அமெரிக்காவில ஏதாவது ஒரு பெரிய எஸ்யூவிய புதுசா டிசைன் பண்ணி அடுத்த வருச மொடலுக்கு விலை அறிவிச்சா போதும், டொரொண்டோவில இருக்கிற சொந்தக்காரர் யாராவது அந்த ஸ்கிரீன்ஷொட்ட குடும்ப குரூப்ல போட்டு "பாருங்கோ இங்க இவ்வளவுதான்" எண்டு எழுதுவினம், வெள்ளவத்தையில இருந்து பாக்கிற எங்களுக்கு வயிறு எரியும். அங்க இப்பிடி ஒரு ஜீப் தொடங்குற 56 ஆயிரம் டொலர் எண்டா டொலர் 300 ரூபாப்படி 1 கோடி 68 லட்சம், அந்தக் காசுக்கு இங்க நல்ல ஜீப் ஒண்டுக்கு வாற லக்சரி டாக்ஸும் வற் வரியும் கட்டலாம், ஜீப் வராது. அதால இந்த விலைகள் எப்பிடி வருது, இங்க வந்தா என்ன ஆகுது, அதுக்குள்ள எத எடுக்கிறது புத்தி எண்டு ஒருக்கா கணக்குப் போட்டுப் பாப்பம்.

முதல்ல அங்கத்தைய கதை. டொயோட்டா 2021ல அமெரிக்காவில பழைய லாண்ட் குரூசர் 200ஐ, எங்கட ஆக்கள் வி8 எண்டு சொல்ற அதே வண்டிய, 85 ஆயிரம் டொலர் பக்கம் வித்துக்கொண்டு இருந்துட்டு நிப்பாட்டினாங்கள். 2024 மொடலா திரும்பி வந்த லாண்ட் குரூசருக்கு ஆரம்ப விலை 55,950 டொலர். 30 ஆயிரம் டொலர் குறைஞ்சது சும்மா இல்ல, வி8 எஞ்சினத் தூக்கிட்டு 2.4 லீட்டர் டர்போ ஹைபிரிட் போட்டாங்கள், மூண்டாவது வரிசை சீட்டும் இல்ல, அடி கிரேட்ல துணி சீட். உண்மையில அது பெரிய லாண்ட் குரூசர் 300 இல்ல, இங்க நாங்க பிராடோ எண்டு சொல்ற லாண்ட் குரூசர் 250. பெயர மட்டும் பெரியண்ணன்ட பெயரா வச்சாங்கள். நிசான் வேற ரூட், 2025 ஆர்மாடாவுக்கு அடி கிரேட்லயே 425 குதிரைசக்தி ட்வின் டர்போ வி6 குடுத்து 56,520 டொலர்ல தொடங்கிட்டு மேல் கிரேட்டுகள 80 ஆயிரம் பக்கம் கொண்டுபோய் வச்சாங்கள். 2023ல புதுசா வந்த டொயோட்டா சிகுவோயா ஹைபிரிட் மட்டும்தான், 437 குதிரைசக்தி, 58,300ல தொடக்கம், அதுக்கு முந்தின மொடல் 50 ஆயிரம் பக்கம்தான் தொடங்கினது. ஆக அங்க விளையாட்டு இதுதான், ஆரம்ப விலைய விளம்பரத்துக்கு வச்சிட்டு லாபத்த மேல் கிரேட்ல எடுக்கிறது.

இந்த மூண்டும் அமெரிக்காவில விக்கிற வடிவத்துல எங்களுக்கு வராது. இடது கை ஸ்டியரிங், இங்க இறக்கவே ஏலாது. ஆனா அந்த மேல் கிரேட் விளையாட்டு இருக்கே, அது கொழும்பில இன்னும் மோசமா எங்கட தலையில விடியும், அதுக்குத்தான் இவ்வளவும் சொன்னது.

2020 மார்ச்ல நிப்பாட்டின வாகன இறக்குமதிய தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரில திறந்தாங்கள் எல்லோ, அப்ப வந்த வரி அமைப்ப சுருக்கமா சொன்னா இப்பிடி. சுங்க வரி 20 வீதம், அதுக்கு மேல அந்த வரியில பாதி சர்சார்ஜ், ஆக 30. எக்சைஸ் எண்ட உற்பத்தி வரி எஞ்சின் சிசிக்கு ரூபாக் கணக்குல, எஞ்சின் பெருசாக பெருசாக சிசி ஒண்டுக்கான ரேட்டும் ஏறும். லக்சரி டாக்ஸ் டீசலுக்கும் பெற்றோலுக்கும் 50 லட்சத்துக்கு மேல போற பெறுமதிக்கு, டீசல் எண்டா 120 வீதம், பெற்றோல் 100. பெற்றோல் ஹைபிரிட்டுக்கு 55 லட்சத்துக்கு மேல 80 வீதம், டீசல் ஹைபிரிட் 90, எலக்ட்ரிக்குக்கு 60 லட்சத்துக்கு மேல 60 வீதம். கடைசியா 18 வீத வற். கீழ போடுற கணக்கெல்லாம் அந்த 2025 வரியிலதான்.

இதில கனபேர் கவனிக்காத விசயம் ஒண்டு இருக்கு. எக்சைஸ் எஞ்சினோட நிக்குது, அடி கிரேட் எண்டாலும் மேல் கிரேட் எண்டாலும் அதே எஞ்சினுக்கு அதே காசு. ஆனா சுங்க வரி, லக்சரி, வற் மூண்டும் வண்டிட பெறுமதியோட ஏறும். டீசல் ஜீப்பில கூட 1 லட்ச ரூபாவுக்கு ஒரு ஐட்டம் போட்டு ஓடர் பண்ணினா 1 லட்சம், அதுக்கு 30 ஆயிரம் சுங்க வரி, 1 லட்சத்து 20 ஆயிரம் லக்சரி, வற் ஒரு 25 ஆயிரம், மொத்தம் 2 லட்சத்து 75 ஆயிரம் பக்கம் வந்து நிக்கும். பெற்றோலுக்கு இரண்டரை, ஹைபிரிட்டுக்கு இரண்டே கால் கொஞ்சம் கூட. சன்ரூஃப் ஒண்டுக்கு ஜப்பான்காரன் குடுக்கிற காசப்போல ரெண்டே முக்கால் மடங்கு நீங்க குடுக்கிறீங்கள், அதுவும் மார்ச் மாச வெயில்ல ஆமர் வீதி டிராஃபிக்ல ஒருக்காலும் திறக்காத சன்ரூஃபுக்கு.

இனி வண்டிகள். லாண்ட் குரூசர் 250ல இருந்து தொடங்குறன், ஏனெண்டா கணக்கு அதிலதான் சுவாரசியம். ஜப்பான்ல 2024 ஏப்ரல்ல விக்கத் தொடங்கேக்க ஜிஎக்ஸ் டீசல் 52 லட்சம் யென், விஎக்ஸ் பெற்றோல் 54.5 லட்சம், விஎக்ஸ் டீசல் 63 லட்சம், இசட்எக்ஸ் டீசல் 73.5 லட்சம் (ஜிஎக்ஸ் அடி கிரேட், விஎக்ஸ் நடு, இசட்எக்ஸ் மேல்). யென் ஒண்டுக்கு ரெண்டு ரூபா எண்டு வச்சு, அங்கத்தைய விலையையே சிஐஎஃப் (வண்டி விலை, இன்சூரன்ஸ், கப்பல் காசு எல்லாம் சேர்ந்த பெறுமதி) மாதிரி எடுத்து ரஃப் கணக்குப் போடுறன். (ஜப்பான் விலையில அவங்கட 10 வீத வரி உள்ள இருக்கு, கப்பல் காசு வெளிய இருக்கு, அதனால நீங்க பாங்கில திறக்கிற எல்சி தொகை வேறயா வரும், ஆனா வித்தியாசங்கள் கிட்டத்தட்ட இப்பிடித்தான் நிக்கும்.)

விஎக்ஸ் டீசல் 1 கோடி 26 லட்சம் ரூபா. லக்சரி மட்டும் 91 லட்சம். எக்சைஸ விட்டுட்டு எல்லாம் கூட்டினா 2 கோடி 87 லட்சம் பக்கம். இசட்எக்ஸ் டீசல் இதே கணக்குல 3 கோடி 44 லட்சம். எஞ்சின் ஒண்டுதான், ரெண்டிலயும் அதே 2.8 லீட்டர் 204 குதிரைசக்தி, அதே 8 கியர், அதால எக்சைஸும் ஒண்டுதான். 20 இஞ்சி வீலுக்கும், வளைவில வண்டி சரியாமப் பிடிக்கிற முன் ஸ்டெபிலைசர் பாரக் கழட்டுற சுவிட்சுக்கும் வேற சில சோக்குகளுக்கும் 58 லட்சம் பக்கம் கூட. அந்த 58 லட்சத்துக்கு நுகேகொட பக்கம் ஒரு பழைய விட்ஸ் கார் எடுத்து வீட்டில நிப்பாட்டிட்டு ஸ்கூல் ஓட்டத்துக்குப் பாவிக்கலாம் எண்டுதான் நான் நினைக்கிறன். அந்த ஸ்டெபிலைசர் சுவிட்ச் பாறைமேட்டில ஏற உதவும், ஹவ்லொக் வீதியில உதவாது.

விஎக்ஸ்லயே பெற்றோலா டீசலா எண்டுறது அடுத்த சண்டை. பெற்றோல் 1 கோடி 9 லட்சம், லக்சரி 59 லட்சம்தான், ஏனெண்டா 100 வீதம். எக்சைஸ் இல்லாம 2 கோடி 28 லட்சம் பக்கம், டீசல விட இதுவும் 58 லட்சம் பக்கம் குறைவு, என்ன பொருத்தமோ தெரியேல்ல. இப்ப எல்லாரும் சொல்லுவினம் டீசல் சேமிக்கும் எண்டு. ஜப்பான் டெஸ்ட் கணக்குல டீசல் லீட்டருக்கு 11 கிலோமீட்டர், பெற்றோல் 7.5. வருசம் 10 ஆயிரம் கிலோமீட்டர் ஓடினா, ரெண்டையும் லீட்டர் 300 ரூபா எண்டு வச்சா, பெற்றோலுக்கு 4 லட்சம், டீசலுக்கு 2 லட்சத்து 73 ஆயிரம். மிச்சம் 1 லட்சத்து 27 ஆயிரம். 58 லட்சத்த அதில எடுக்க 45 வருசம் வேணும். டிபிஎஃப் எண்ட புகைக்கரி வடிகட்டி இருக்கிற டீசலுக்கு சாதாரண டீசல் அடிக்கவும் பயம், சூப்பர் டீசல்தான் அடிக்கோணும், அப்ப சேமிப்பு இன்னும் சுருங்கும்.

ஆனா பெற்றோல்தான் எடுக்கோணும் எண்டு நான் முழு மனசா சொல்லமாட்டன். 2.7 லீட்டர், 163 குதிரைசக்தி, 6 கியர், ரெண்டு டன்னுக்கு மேல பாரம். கொழும்புக்குள்ள மட்டும் ஓடுறதெண்டா பரவாயில்ல, குடும்பத்த ஏத்திக்கொண்டு நுவரெலியா ஏறினா றம்பொட வளைவுகள்ல எஞ்சின் கத்துறது உள்ள கேக்கும், ஏ9ல ஒரு பஸ்ஸ முந்துறதுக்கும் முன்னால ஒருக்கா யோசிக்கோணும். டீசலுக்கு 500 நியூட்டன் மீற்றர் இழுவை இருக்கு, அது வேற வண்டி மாதிரியே இருக்கும். பிறகு ரீசேல், இங்க பிராடோ எண்டா டீசல்தான் எண்டு ஆக்கள் மண்டையில பதிஞ்சிருக்கு, விக்கேக்க அந்த 58 லட்சத்துல ஒரு பங்கு திரும்பி வரும். வருசத்துல ரெண்டு மூண்டு தரம் யாழ்ப்பாணம் போற வீடு எண்டா டீசல் விஎக்ஸ், மற்றாக்களுக்கு பெற்றோல் விஎக்ஸ். ஜிஎக்ஸ் டீசல் இன்னும் மலிவுதான், ஆனா அஞ்சு சீட், மாமியையும் ஏத்தவேணும் எண்டா சரிவராது.

இனி 300. அளவப் பாத்தா சிரிப்பு வரும், 300 நீளம் 4,985 மில்லிமீற்றர், 250 நீளம் 4,925, அகலம் ரெண்டும் 1,980. ஆறு சென்ரிமீற்றர் வித்தியாசம். வெள்ளவத்தை ஒழுங்கைக்குள்ள நெருக்கி எடுக்கிறதில ரெண்டுக்கும் ஒரே பாடுதான். எஞ்சின்தான் வித்தியாசம், 3.3 வி6 டீசல் 700 நியூட்டன் மீற்றர், 3.5 வி6 பெற்றோல் 400 குதிரைசக்திக்கு மேல, ரெண்டுக்கும் 10 கியர். 2021ல ஜப்பான்ல இசட்எக்ஸ் பெற்றோல் 73 லட்சம் யென், டீசல் 76 லட்சம். 250 இசட்எக்ஸ் டீசலும் 300 இசட்எக்ஸ் பெற்றோலும் அறிவிச்ச விலையில கிட்டத்தட்ட ஒண்டு எண்டத கவனிச்சீங்களா? காகிதத்துல பாத்தா 300 பெற்றோல் லக்சரி டாக்ஸ்ல 20 லட்சம் குறைவாக்கூட வரும்.

காகிதத்துல மட்டும்தான். ஒண்டு, 2,754 சிசிக்கும் 3,445 சிசிக்கும் எக்சைஸ் ஒரு மலை வித்தியாசம். ரெண்டு, அந்த 73 லட்ச யெனுக்கு லேசில வண்டி கிடைக்கேல்ல. வெளிவந்த உடன ஓடர் வருசக்கணக்கா நீண்டு டொயோட்டா ஓடர் எடுக்கிறதையே நிப்பாட்டினது, வாங்கின ஜப்பான்காரரிட்ட ஒரு வருசத்துக்குள்ள விக்கமாட்டன் எண்டு கையெழுத்தும் வாங்கினாங்கள். அதால ஜப்பான்ல வாகன ஏலத்துக்கு வாற 300 அறிவிச்ச விலைய விட நல்லாக் கூடப் போகும், அந்தக் கூடுற ஒவ்வொரு லட்சமும் இங்க இரண்டரை, ரெண்டே முக்காலாப் பெருகும். 300 வாங்குறவை கணக்குப் பாத்து வாங்குறதில்ல எண்டு சொல்லுவினம், சரி, ஆனா ஒருக்கா பாத்தா 250ல நிப்பினம். வி8 ஓட்டினாத்தான் மரியாதை எண்ட காலமும் கொஞ்சம் மாறிட்டுது, 2025ல ஜனாதிபதி செயலகமே சொகுசு வாகனங்கள ஏலத்துல போட்டு வித்தது.

அடுத்தது லாண்ட் ரோவர் டிஃபெண்டர் 110, அதில பி400இ எண்ட, வயர் குத்தி சார்ஜ் பண்ற பிளக்-இன் ஹைபிரிட். சிசி 1,997தான், 404 குதிரைசக்தி, லக்சரியும் ஹைபிரிட் ரேட் 80 வீதம். கேக்க அருமையா இருக்கும். ஆனா இங்கிலாந்தில இது 65 ஆயிரம் பவுண்ட் பக்கம் வந்த வண்டி, அங்கத்தைய வரிய கழிச்சாலும் பவுண்ட் 400 ரூபாப்படி 2 கோடி 20 லட்சம். லக்சரி 1 கோடி 32 லட்சம். சிசியில மிச்சம் பிடிச்சத பெறுமதியில கட்டுறீங்கள். அதோட பற்றரி பின்பக்கம் இருக்கிறதால இந்த மொடல்ல ஏழு சீட் இல்ல, அஞ்சுதான். வடிவுக்கு ஆசைப்பட்டு எடுக்கிறாக்கள நான் குறை சொல்லேல்ல, வடிவான வண்டிதான், பஞ்சிகாவத்தையில பார்ட்ஸ் தேடித் திரியிற எண்ணம் மட்டும் வேண்டாம்.

கடைசி ஆள் ஜிடபிள்யூஎம் டாங்க் 500. சைனா எண்டவுடன மூக்கச் சுழிக்கிறாக்கள் இந்தப் பந்திய விட்டுட்டுப் போகலாம். 2 லீட்டர் டர்போ ஹைபிரிட், ஏழு சீட், 300ஐ விட நீளம், 5,078 மில்லிமீற்றர் பின்னால தொங்குற டயரோட. ஆஸ்திரேலியாவில 2024ல 66,490 ஆஸ்திரேலிய டொலருக்கு, எல்லாச் செலவோடயும், றோட்டில இறக்கினாங்கள், அங்க 300ட அடி கிரேட் 2021லயே 90 ஆயிரத்துல தொடங்கினது. வரிகள கழிச்சு சிஐஎஃப் 1 கோடி எண்டு வச்சுப் பாருங்கோ, லக்சரி 36 லட்சம், அதே பெறுமதி டீசலுக்கு 60 லட்சம். எக்சைஸும் 2 லீட்டர் ஹைபிரிட் கணக்கு. எங்கட வரி அட்டவணைக்கெண்டே செஞ்ச மாதிரி இருக்கு. ஆனா ஜப்பான் ஏலத்துல எடுத்து கார் சேல்காரன் கொண்டுவாற வண்டி இல்ல இது, ஏஜென்டோட தலையெழுத்து, அவங்கள் நல்லாப் பாத்தா நீங்க தப்பினீங்கள். ரீசேல்ல என்ன நடக்கும் எண்டத அஞ்சு வருசம் ஓடினவர் ஒராள் விக்கிறவரைக்கும் பொறுத்துத்தான் பாக்கோணும். வாங்கி பத்து வருசம் வச்சிருக்கிற ஆள் எண்டா நான் இதத்தான் முதல்ல போய்ப் பாப்பன், மூண்டு வருசத்துல மாத்துற ஆள் எண்டா கிட்டயும் போகமாட்டன்.

நிசான் பட்ரோல், அதாவது ஆர்மாடாட அண்ணன், 2024 செப்டெம்பர்ல அபுதாபில காட்டினது, அது டுபாய்ல மலிவா இருக்கு கொண்டுவரலாமா எண்டும் கேக்கினம். அது இடது கை வண்டி, ஏலாது. ஆஸ்திரேலியாவுக்கெண்டு வலது கை வடிவம் வரும் எண்டு நிசான் சொல்லியிருக்கு. அது வந்தாலும் 3.5 லீட்டர் பெற்றோல், ஹைபிரிட் சலுகையும் இல்ல. டொயோட்டா 300க்கும் 3.5 ஹைபிரிட் வடிவம் அறிவிச்சிருக்கு, லக்சரி 100ல இருந்து 80க்கு இறங்கும், ஆனா ஹைபிரிட் எண்டு கம்பெனி கூட வாங்குற காசு அந்த 20 வீதத்த திண்டுடுமா எண்டு விலையப் போட்டுப் பாத்தாத்தான் தெரியும். கார் சேல்ல நிண்டு விலை பேசேக்க முழு விலைய மட்டும் கேக்காதேங்கோ, சிஐஎஃப் எவ்வளவு, எக்சைஸ் எவ்வளவு, லக்சரி எவ்வளவு எண்டு சுங்கக் காகிதத்த காட்டச் சொல்லுங்கோ. காட்ட மாட்டன் எண்டா பக்கத்துக் கடைக்கும் அதே ஜீப்தான் வந்திருக்கும்.