கருத்துக் கேட்புக் கூட்டம்: 5க்கு 2 நட்சத்திரம்

கல் குவாரி விரிவாக்கத்துக்காகப் பக்கத்து ஊர்க் கல்யாண மண்டபத்தில் நடந்த கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்தேன். ஹோட்டல் சாம்பாருக்கெல்லாம் விமர்சனம் எழுதுகிறோம், இதற்கும் எழுதுவோமே.

அறிவிப்பில் குறை இல்லை. 2006 சுற்றுச்சூழல் அறிவிக்கையின்படி குறைந்தது 30 நாள் அவகாசம் கொடுத்துப் பத்திரிகையில் போட வேண்டும், போட்டிருந்தார்கள். ஆனால் குவாரியால் என்னென்ன பாதிப்பு வரும் என்று சொல்லும் முழு அறிக்கை ஆங்கிலத்தில், தலையணை கனத்தில். தமிழில் கிடைத்தது மெலிந்த ஒரு சுருக்கம்தான். அதில் வெடி வைக்கும் நேரம்கூட இருக்கிறது, எங்கள் கிணறுகளைக் காணோம்.

முதலில் நிறுவனத்தின் படக்காட்சி, அதுவே முக்கால் மணி நேரம். அப்புறம் வேனில் வந்து இறங்கி முன்வரிசையைப் பிடித்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து "வேலைவாய்ப்பு வரும்" என்று ஒரே வாசகத்தை ஒப்பித்தார்கள். (குறைந்தது இத்தனை பேர் வந்தாக வேண்டும் என்ற கோரம் கணக்கு இதற்குக் கிடையாது. நாங்கள் ஒருவரும் வராவிட்டாலும் கூட்டம் செல்லும்.) மைக் எங்கள் பக்கம் வர மதியம் ஆகிவிட்டது. வந்த பிறகு யாரையும் தடுக்கவில்லை, எல்லாம் வீடியோவில் பதிவானது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

திட்டம் வேண்டுமா வேண்டாமா என்று இங்கே வாக்கெடுப்பு கிடையாது. சொன்னதெல்லாம் எழுதப்பட்டு, திட்டத்தைப் பரிசீலிக்கும் மதிப்பீட்டுக் குழுவுக்குப் போகும். அமெரிக்காவில் ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் என்ற கொள்கை ஆய்வாளர் 1969இல் மக்கள் பங்கேற்பை 8 படி ஏணியாகப் பிரித்தபோது, இப்படிக் கருத்து மட்டும் கேட்பதை 4ஆவது படியில் வைத்தார், அதுவும் ஒப்புக்குச் செய்யும் வகையில் சேர்த்து. 2013இல் ஒடிசாவின் நியம்கிரி மலைச் சுரங்க வழக்கில் உச்ச நீதிமன்றம் கிராம சபைகளிடமே கேட்கச் சொன்னது. 12 சபைகளும் பாக்சைட் சுரங்கம் வேண்டாம் என்றன, அனுமதியும் மறுக்கப்பட்டது. அந்தச் சரக்கு வேறு, எங்களுக்குக் கிடைத்தது வேறு.

அந்த 2 நட்சத்திரம் எதற்கு என்றால், கடைசியில் கூட்டக் குறிப்பைத் தமிழில் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்று விதி இருக்கிறது. பாதிப் பேர் பசியில் கிளம்பிவிட்டார்கள். நான் இருந்தேன். கிணறு வற்றும் என்று நான் சொன்னதைக் "குடிநீர் வசதி கோரினார்" என்று எழுதியிருந்தார்கள். எழுந்து நின்று சத்தம் போட்டேன், அடித்துவிட்டுத் திருத்தி எழுதினார்கள்.