கதவுல மாட்டுற தோள்பட்டை புல்லி: 20 மாசம் யூஸ் பண்ண அனுபவம்

கதவு மேல சக்கரம், அதுல ஓடுற கயிறு, ரெண்டு முனையிலயும் கைப்பிடி, இறுகின தோளைத் தளர்த்த இழுக்குறது, அவ்ளோ தான் இந்தப் புல்லி. இதை வாங்கின ரெண்டாவது வாரமே ரிவ்யூ எழுதியிருந்தா ஒரு ஸ்டார் தான் குடுத்திருப்பேன், ஏன்னா அப்ப இதால வலி ஏறத்தான் செஞ்சுது. ஆனா தப்பு கயித்து மேல இல்ல, அதை நான் இழுத்த நேரம் தான் தப்பு. அதைச் சொல்லத்தான் இவ்ளோ நீளமா எழுதுறேன்.

எனக்கு இடது பக்கம் ஃப்ரோசன் ஷோல்டர், அதாவது தோள் மூட்டு இறுகிப் போறது. அடியும் படல, கீழயும் விழல, ஒரு நாள் சட்டை மாட்டும்போது சுரீர்னுச்சு, அவ்ளோ தான். ரெண்டு மாசத்துல அந்தப் பக்கம் ஒருக்களிச்சு படுக்க முடியல, கை முதுகுப் பக்கம் போகவே இல்ல, பின் பாக்கெட்ல இருக்குற பர்ஸை எடுக்க வலது கையைச் சுத்திக் கொண்டு போவேன். எக்ஸ்ரேல எல்லாம் நார்மல். நார்மல்னு சொன்னதும் வீட்ல அப்ப ஒண்ணுமில்லன்னுட்டாங்க, எனக்கு வந்த கோவம் இருக்கே.

டாக்டர் பண்ண டெஸ்ட் சிம்பிள். முழங்கையை விலாவோட ஒட்டி வெச்சு, முன்கையை வெளிப்பக்கமா திருப்பச் சொன்னார், வரல. அப்புறம் அவரே புடிச்சு திருப்பிப் பாத்தார், அப்பவும் வரல. அதுல தான் விஷயமே இருக்காம். தசைநார் கிழிஞ்சிருந்தா பெரும்பாலும் நம்மளால தூக்க முடியாது, ஆனா இன்னொருத்தர் தூக்கிவிட்டா கை போயிடும். ஃப்ரோசன் ஷோல்டர்ல யார் தூக்கினாலும் போகாது, ஏன்னா மூட்டைச் சுத்தி இருக்குற உறையே தடிச்சு, துவைச்சு சுருங்கின சட்டை மாதிரி இறுகிப் போயிருக்கு. அடுத்த கேள்வி சுகர் இருக்கான்னு தான். எட்டு வருஷமா இருக்கு. 40ல இருந்து 60 வயசுக்குள்ள, அதுவும் சுகர் இருக்குறவங்களுக்கு இது ரொம்ப சகஜமாம், எனக்கு அது வரைக்கும் யாரும் சொன்னதில்ல.

(இடது தோள் வலியோட நெஞ்சு அழுத்தம், வியர்வை, மூச்சு வாங்குறதுன்னு ஏதாவது இருந்தா இந்த ரிவ்யூவை மூடிட்டு உடனே எமர்ஜென்சிக்கு போங்க.)

இப்ப நான் பண்ண முட்டாள்தனம். ஃப்ரோசன் ஷோல்டர்ல மூணு கட்டம் இருக்கு, முதல்ல வலி ஏறிக்கிட்டே போகும், கையும் மெல்ல இறுக ஆரம்பிக்கும், அடுத்து வலி குறையும் ஆனா இறுக்கம் அப்படியே நிக்கும், அப்புறம் மெதுவா தளரும், எல்லாம் சேர்ந்து ஒண்ணுல இருந்து மூணு வருஷம் வரைக்கும் இழுக்கும். நான் முதல் கட்டத்துலயே புல்லியை மாட்டி, வலிச்சா தான் கை திறக்கும்னு யாரோ சொன்னதை நம்பி கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் இழுத்தேன். ராத்திரி தூக்கம் போச்சு. பிசியோ பாத்துட்டு திட்டாத குறை. எக்சர்சைஸ் முடிச்சு கொஞ்ச நேரத்துல அடங்குற வலி ஓகே, மறுநாள் காலைல வரைக்கும் நின்னா நீங்க ஓவரா பண்றீங்கன்னு அர்த்தம்னாங்க. கொஞ்ச நாளைக்கு குனிஞ்சு நின்னு கையைத் தொங்கவிட்டு ஊஞ்சல் மாதிரி ஆட்டுறது மட்டும் தான். நடுவுல ஒரு ஸ்டீராய்டு ஊசி போட்டாங்க, சில நாள் சுகர் எகிறுச்சு, அது எகிறும்னு முன்னாடியே சொல்லிட்டாங்க அதனால பயப்படல. அதுக்கப்புறம் தான் ராத்திரி முழுசா தூங்கினேன்.

வலி அடங்கினப்புறம் தான் புல்லியோட அருமையே தெரிஞ்சுது. 15 நிமிஷம் ஹாட் பேக், அப்புறம் நாற்காலியில உக்காந்து நல்ல கையால இழுக்கணும், வலிக்கிற கை சும்மா கூடவே மேல போகணும், அது வேலை செய்யக் கூடாது. தோளைக் காது வரைக்கும் தூக்கி கை மேல போயிடுச்சுன்னு நம்மள நாமே ஏமாத்திக்குவோம், எதிர்ல கண்ணாடி வெச்சா மாட்டிக்குவோம். காலைல பத்து நிமிஷம், சாயங்காலம் பத்து நிமிஷம். முன்னேற்றம் வாரக் கணக்குல தெரியாது, மாசக் கணக்குல தான் தெரியும், அதனால தான் நிறைய பேர் பாதில விட்டுடுறாங்கன்னு நினைக்கிறேன்.

பொருளைப் பத்தி சொல்லணும்னா, கயிறு இன்னும் நல்லா இருக்கு, கைப்பிடி ஃபோம் எட்டாவது மாசமே உரிஞ்சுடுச்சு, சக்கரம் கிரீச்னா தையல் மெஷின் எண்ணெய் ரெண்டு சொட்டு. கதவைத் தாழ்ப்பாள் போட்டுட்டு இழுங்க, ஒரு தடவ பையன் அந்தப் பக்கம் இருந்து திறந்து மொத்தமும் என் தலைல விழுந்துச்சு.

மத்ததெல்லாம் தண்டம். தோள்பட்டை பெல்ட் கையை இன்னும் அசையாம வெச்சுது, மசாஜ் கன் கழுத்துக்கு மட்டும் சுகமா இருந்துச்சு. காசே இல்லாம உதவினது தலகாணி, மல்லாந்து படுத்து கைக்கு அடியில ஒண்ணு வெச்சுக்கணும். அப்புறம் சட்டை போடும்போது வலிக்கிற கையை முதல்ல நுழைக்கணும், கழட்டும்போது அதைக் கடைசியா எடுக்கணும்.

இப்ப கை மேல முழுசா போகுது, முதுகுப் பக்கம் தான் வலது கையை விட ரெண்டு விரக்கடை கம்மி. நாலு ஸ்டார், குறைச்ச ஒண்ணு அந்த ஃபோமுக்கு. சில பேருக்கு அடுத்த தோள்லயும் வருமாம், போன வாரம் வலது பக்கம் லேசா சுரீர்னதும் பதறிப்போய் முழங்கையை ஒட்டி வெச்சு திருப்பிப் பாத்தேன், நல்லவேளை முழுசா போச்சு. கயித்தை மட்டும் இன்னும் கழட்டல.