கட்ச் உப்புப் பாலைக்குச் சென்னையிலிருந்து: சொந்தக் காரா, நவஜீவன் ரயிலா?

"உப்பைப் பாக்க குஜராத் வரைக்கும் போகணுமா? மரக்காணத்துல இல்லாத உப்பா?" என்று மாமியார் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஈசிஆரில் இரண்டரை மணி நேரம் ஓட்டினால் கண்ணெதிரே உப்பளம். ஆனால் அது பாத்தி கட்டி, வரப்புப் போட்டு, மனிதர் விளைவித்த உப்பு. கட்ச்சின் பெரிய ரண் (ரண் என்றால் உப்புப் பாலை) வேறு; அங்கே நாம் பார்க்கப் போகும் வெள்ளைக்கு யாரும் பாத்தி கட்டவில்லை. மழைக்காலத்தில் கடல்நீரும் ஆற்றுநீரும் ஏறி, ஏழாயிரத்துச் சொச்சம் சதுர கிலோமீட்டரில் பெரும்பகுதியை மூழ்கடிக்கும். பிறகு மாதக்கணக்கில் வெயிலில் வற்றி, உப்பு மட்டும் தங்கும். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வெள்ளை.

இரண்டு முறை போய்வந்தேன். முதல் முறை மச்சானின் காரில், 13 நாள். அடுத்த முறை ரயிலில், 9 நாள். எது மேல் என்று எங்கள் வீட்டில் இன்னும் பஞ்சாயத்து முடியவில்லை.

மச்சான் கட்சியை முதலில் சொல்லிவிடுகிறேன். பூந்தமல்லியைத் தாண்டி ஏறும் என்எச் 48 பெங்களூரு, ஹூப்ளி, புனே, மும்பை, சூரத் வழியாக அகமதாபாத் வரை கொண்டுபோய் விடும் (அதே எண்ணில் டெல்லி வரைக்கும் போகிறது). அகமதாபாத் வரை சுமார் 1,900 கிலோமீட்டர், அங்கிருந்து கட்ச் மாவட்டத் தலைநகர் புஜ் இன்னொரு 330. முதல் நாள் தாவணகெரே, இரண்டாம் நாள் புனே, மூன்றாம் நாள் சூரத், நான்காம் நாள் இரவு புஜ். இதுவே கொஞ்சம் விரட்டல்தான். இரண்டு பேர் மாற்றி மாற்றி ஓட்டினால் தாங்கும். ஒருவரே ஓட்டுவதாக இருந்தால் ஒரு நாள் கூட்டிக்கொள்ளுங்கள்.

போக நான்கு, வர நான்கு. 13 நாளில் எட்டு நாள் நெடுஞ்சாலைக்கே போய்விட்டது. தாணே பக்கம் லாரிகளுக்கு நடுவே நகர்ந்த நேரத்தில் ஒரு தூக்கம் போட்டிருக்கலாம். வழியில் நின்றதுதான் காருக்குச் சாதகமான விஷயம். நவ்சாரியில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கினால் தண்டி பக்கம். 1930 ஏப்ரல் 6 அன்று காந்தி உப்பு அள்ளிய கடற்கரை. அதே மாதக் கடைசியில் ராஜாஜி வேதாரண்யத்தில் அள்ளினார். உப்புப் பயணம் போகிறவர்கள் இதைத் தாண்டிப் போகலாமா? ரயிலில் போனபோது தண்டி கிடைக்கவில்லை, அது எனக்குக் குறைதான்.

செலவுக் கணக்கு: போக, வர, உள்ளூர்ச் சுற்றல் எல்லாம் சேர்த்து 5,000 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கொடுக்கும் வண்டியென்றால் 330 லிட்டர் சொச்சம், லிட்டர் நூறு என்று போட்டாலும் 33,000 ரூபாய். டோல் தனி. 2025 ஆகஸ்டில் 3,000 ரூபாய்க்கு வந்த ஃபாஸ்டாக் ஆண்டு பாஸ் இந்த மாதிரிப் பயணத்துக்கென்றே செய்தது போல இருக்கிறது, 200 முறை கடக்கலாம். ஆனால் தேசிய நெடுஞ்சாலைகளில் மட்டும்தான். மும்பை–புனே எக்ஸ்பிரஸ்வே மாநில அரசுடையது, அங்கே பாஸ் செல்லாது. இன்னொன்று, குஜராத்தில் மதுவிலக்கு. டிக்கியில் என்ன இருக்கிறது என்று எல்லைக்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். மச்சான் வாப்பியை நெருங்கும்போதுதான் நினைத்துப் பார்த்தான்.

இனி என் கட்சி. சென்ட்ரலில் காலையில் நவஜீவன் ஏறினால் மறுநாள் மாலை அகமதாபாத். மிளகாய்ப்பொடி தடவிய இட்லி ஒரு டப்பா, புளிசாதம் ஒரு டப்பா. விஜயவாடா தாண்டும்போது முதல் டப்பா காலி. முதுகு வலிக்கவில்லை, யாருக்கும் யார் மேலும் கோபம் வரவில்லை. அங்கே கார் வாடகைக்கு எடுத்தேன், அங்கேதான் தப்புச் செய்தேன். வெளியூர் வாடகையில் ஒரு நாளைக்குக் குறைந்தது 300 கிலோமீட்டர் என்று கணக்கு வைக்கிறார்கள், ஓடினாலும் ஓடாவிட்டாலும். ஆறு நாளுக்கு 1,800 கிலோமீட்டருக்குக் காசு கொடுத்தேன், ஓடியது ஆயிரத்தை ஒட்டித்தான். போதாக்குறைக்கு ரணுக்கு நடுவே டயர் பஞ்சர், ஸ்டெப்னியில் காற்றே இல்லை. வண்டி கொடுத்த கம்பெனியின் பெயர் வேண்டாம். வாங்கும்போது நான் ஸ்டெப்னியைத் தட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

இப்போது போவதென்றால் அகமதாபாத்தில் ஒரு இரவு தங்கி, பகலில் சபர்மதி ஆசிரமம் பார்த்துவிட்டு ரயிலிலேயே புஜ் போய்விடுவேன். 2024 செப்டம்பரில் வந்த நமோ பாரத் ரயில் ஆறு மணி நேரத்துக்குள் சேர்க்கிறது. வாடகைக் காரைப் புஜில் எடுத்து, மூன்று நான்கு நாளுக்கு மட்டும் காசு கொடுத்தால் போதும்.

விமானமா? அஞ்சு நாள்தான் லீவு என்றால் வேறு வழியில்லை.

ஆக, கையில் 15 நாளும் ஓட்ட இரண்டு பேரும் இருந்தால் கார். ஒன்று குறைந்தாலும் ரயில். மச்சானிடம் இதைச் சொன்னால், "மாமா, போற வழிதான் டிரிப்பே" என்பான். சூரத்துக்கும் பரூச்சுக்கும் நடுவே அவன் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அங்கே போய் எங்கே தங்குவது என்பதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். எல்லோரும் தோர்டோ என்பார்கள். புஜிலிருந்து 80 கிலோமீட்டர், பிரண்டியாரா செக்போஸ்டில் அனுமதி வாங்க வேண்டும், ரண் உத்சவ் திருவிழாவின் கூடார நகரம் அங்கேதான். வண்டியை நிறுத்திவிட்டு நடந்தோ ஒட்டக வண்டியிலோ வெள்ளைக்குள் போகலாம். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் மாலையில் காணும் பொங்கல் அன்று மெரினா எப்படியோ, அப்படி. ஒரு மாலை போதும்.

என் ஓட்டு தோலாவிராவுக்கு. காவ்டாவிலிருந்து அங்கே போகும் சாலை முப்பது கிலோமீட்டர் போல ரணைக் கிழித்துக்கொண்டு போகிறது. இரண்டு பக்கமும் வெள்ளை, நடுவே ஒற்றைத் தார்க்கோடு, தூரத்தில் பூநாரைகள். பஞ்சரானதும் அங்கேதான், அதனால் இரண்டு மணி நேரம் நன்றாகவே பார்த்தேன். ஓரத்தில் தரை கெட்டியாகத் தெரிகிறதே என்று வண்டியை இறக்கிவிடாதீர்கள். மேலே உப்பு ஏடு, அடியில் சேறு.

சாலை முடிகிற தீவில்தான் தோலாவிரா, பழைய ஹரப்பா நகரம், 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. சுற்றிலும் உப்பு, குடிக்க ஒரு சொட்டு இல்லை. மழைக்காலத்தில் மட்டும் ஓடும் இரண்டு ஓடைகளைத் தடுத்து, கல்லைக் குடைந்து வரிசையாகக் குளங்கள் வெட்டி, நாலாயிரம் வருஷத்துக்கு முன்பே ஒரு ஊரே பிழைத்திருக்கிறது. 2019 கோடையில் குடத்தோடு மெட்ரோ வாட்டர் லாரிக்குக் காத்துக் கிடந்த என் மனைவி அந்தக் குளத்தின் படியில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். "நாம ஏரியை எல்லாம் பிளாட் போட்டோம்" என்றாள். வேறு எதுவும் பேசவில்லை.

சின்ன ரண் வேறு ரகம். அகமதாபாத்திலிருந்து தசாடா நூறு கிலோமீட்டருக்குள். உள்ளூர் ஜீப்பில்தான் உள்ளே போக வேண்டும். காட்டுக்கழுதைகள் கூட்டமாக ஓடும். அகரியாக்கள் என்ற உப்புத் தொழிலாளிகள் நிலத்தடி உப்புநீரை இறைத்துப் பாத்தியில் பாய்ச்சுவதை அங்கே பார்க்கலாம். மாமியாரின் மரக்காணக் கேள்விக்கு நேரான பதில் இதுதான். நாள் குறைவென்றால் தோர்டோவை விட்டுவிட்டு இதைப் பிடியுங்கள்.

எப்போது? டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி வரை. நவம்பரில் பல இடங்களில் ஈரம் காய்ந்திருக்காது. நிலா வெளிச்சத்தில் பார்க்க வேண்டுமென்றால் நம் வீட்டு தினசரி காலண்டரே போதும்: ஆருத்ரா, தைப்பூசம், மாசி மகம், எல்லாம் பௌர்ணமியை ஒட்டித்தான் வரும். பொங்கல் லீவில் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை, அதே நாள் அகமதாபாத்தில் உத்தராயண். ஊரே மொட்டை மாடியில் பட்டம் விடும், அறை கிடைப்பது கஷ்டம், தெருவில் மாஞ்சாவுக்குக் கழுத்தைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும்.

இந்த முறை தைப்பூச நிலாவுக்குத் தோலாவிராவில் இருப்பதாக முடிவு. ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும். தைப்பூசத்திலிருந்து இரண்டு பௌர்ணமி பின்னோக்கி எண்ணினால் கார்த்திகை தீபம்; நாங்கள் நாலு நாள் முன்னதாகக் கிளம்புவதால், தீபத்துக்கு நாலு நாள் முன் காலை எட்டு மணிக்கு நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வேண்டும். மச்சானுக்கும் சேர்த்து ஒரு லோயர் பெர்த் போடப் போகிறேன். அவன் காரை சர்வீசுக்கு விட்டிருப்பதாகக் கேள்வி.