மளிகைக் கடை பில்லிங்: கம்ப்யூட்டரா, மொபைல் ஆப்பா?

எங்களுடையது நடுத்தர அளவு மளிகைக் கடை. கம்ப்யூட்டரில் நிறுவும் பில்லிங் சாஃப்ட்வேர், சந்தா கட்டி மொபைலில் ஓட்டும் ஆப் இரண்டையும் கடையில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கம்ப்யூட்டர் பக்கம் வந்தோம்.

பில் அடிப்பது, ஜிஎஸ்டி கணக்கு, யுபிஐ கியூஆர் எல்லாம் இரண்டிலும் உண்டு. செலவில் ஆப்தான் மலிவு. கம்ப்யூட்டர் என்றால் ஸ்கேனர், தெர்மல் பிரிண்டர், யுபிஎஸ் என்று முதலிலேயே நல்ல தொகை இறங்கிவிடும். வெளியூரில் இருந்தபடி அன்றைய விற்பனையைப் பார்க்கவும் ஆப்தான் வசதி.

ஆனால் என்னைக் கேட்டால், முடிவு செய்ய வேண்டியது விற்பனையை வைத்து இல்லை. கொள்முதல் பதிவை வைத்து. டிஸ்ட்ரிபியூட்டர் வேன் சரக்கை இறக்கிவிட்டுக் கொடுக்கும் பில்லில் ஐம்பது, அறுபது வரிகூட இருக்கும். வரிக்கு வரி எம்ஆர்பி, வாங்கிய விலை, பத்துக்கு ஒன்று ஃப்ரீ என்ற ஸ்கீம். காலாவதி தேதியைப் பெட்டியைப் பிரித்துப் பார்த்துப் போட வேண்டும். கீபோர்டில் கை பழகியவர் இதைக் கடகடவென்று ஏற்றிவிடுவார். போனில் பாதி ஏற்றுவதற்குள் கவுன்டரில் கூட்டம் வந்துவிடும். பில் கம்பியில் குத்தப்பட்டு அங்கேயே கிடக்கும். இரண்டு பில் அப்படி விட்டுப்போனால் போதும், வராத சரக்கை விற்றதுபோல கணக்கில் இருப்பு மைனஸில் ஓடும். அதற்கப்புறம் எது வேகமாக ஓடுகிறது, எது தேங்குகிறது என்று வரும் ரிப்போர்ட்டை நம்பி ஆர்டர் போட முடியாது.

பதிவு சரியாக இருந்தால் அதே ரிப்போர்ட்டால் பணம் மிச்சமாகும். ஓட்ஸில் பெரிய பாக்கெட் தேங்குவதும் சின்ன பாக்கெட் ஓடுவதும் எங்களுக்கு அப்படித்தான் தெரிந்தது. பெரியதை நிறுத்திவிட்டு அந்த இடத்தில் சிறுதானிய மாவு வைத்தோம். காலாவதி நெருங்கும் சரக்கையும் முன்கூட்டியே எடுத்துவைத்து சேல்ஸ்மேனிடம் பேச முடிகிறது.

2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி மாறியபோது வித்தியாசம் இன்னும் பளிச்சென்று தெரிந்தது. குளியல் சோப்பு, ஷாம்பு, பற்பசைக்கு 18 சதவீதம் 5 ஆனது. பழைய ஸ்டாக்கையும் புது வரியில்தான் விற்க வேண்டும். கம்ப்யூட்டரில் பொருளின் வகையைக் குறிக்கும் எச்எஸ்என் எண்ணை வைத்து மொத்தமாக வரியை மாற்றினோம். நாங்கள் பார்த்த ஆப்பில் ஒவ்வொரு பொருளாகத் திறந்து மாற்ற வேண்டும். புது எம்ஆர்பி சரக்கு அதே பார்கோடில் வந்து சேர்ந்தபோதும், ஸ்கேன் செய்ததும் எந்த எம்ஆர்பி என்று கம்ப்யூட்டர் கேட்டுவிட்டது.

கம்ப்யூட்டருக்கும் பராமரிப்பு உண்டு. தினமும் கடை சாத்தும்முன் பென்டிரைவில் பேக்கப் எடுத்தே ஆக வேண்டும். ஹார்டு டிஸ்க் போனால் கணக்கே போச்சு.

எங்களுக்கு இருப்பது ஒரே கடை. இரண்டு மூன்று கிளை இருந்தால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்க ஆன்லைன் முறை மேலாக இருக்கலாம். அதில் எனக்கு அனுபவம் இல்லை. முந்நூறு பொருளுக்குள் விற்கும் சின்னக் கடைக்கு ஆப்பே தாராளம்.

எதை வாங்குவதாக இருந்தாலும் சரி, டெமோ காட்ட வருபவரிடம் உங்கள் டிஸ்ட்ரிபியூட்டர் பில்களில் நீளமானதைக் கொடுத்து, உங்கள் எதிரிலேயே முழுசாக ஏற்றச் சொல்லுங்கள்.