கிணற்றுத் தண்ணீருக்குப் பிஃபாஸ் சோதனைப் பெட்டி: ஐந்துக்கு நாலு

உப்புவெளியில் நாலு அறை வாடகைக்கு விடுகிறேன். தண்ணீர் சொந்தக் கிணறு. வந்து தங்குகிற வெள்ளைக்காரர் இப்போது பிஃபாஸ் பற்றிக் கேட்கிறார்கள்: ஒட்டாத தாச்சி, மழைக்கோட்டு, தீயணைப்பு நுரை எல்லாவற்றிலும் சேர்க்கிற, இலேசில் அழியாத இரசாயனங்கள். மாதிரி எடுக்கும் பெட்டியைக் கொழும்பில் ஒரு முகவர் தருகிறார்; சோதனை வெளிநாட்டில்.

அமெரிக்கா 2024இல் இந்த வகையில் இரண்டுக்கு விதித்த எல்லை, லீட்டருக்கு 4 நனோகிராம். கூரையில் இருக்கிற ஆயிரம் லீட்டர் தாங்கி முழுவதற்கும் கணக்குப் பார்த்தால், ஒரு கிராமில் இரண்டரை இலட்சத்தில் ஒரு பங்கு! கையில் பூசிய கிறீமே போதும், கிணற்றின் மேல் பொய்ப்பழி விழ.

அதனால்தான் பெட்டியோடு வருகிற அறிவுறுத்தல் தாளுக்கே பாதிக் காசு கொடுக்கலாம். சன் கிறீம் வேண்டாம், நுளம்பு மருந்து வேண்டாம், மழைக்கோட்டு வேண்டாம், புது உடுப்பும் வேண்டாம். பைப் மூட்டில் டெஃப்லான் டேப் சுற்றியிருந்தால் அந்தக் குழாயை விட்டுவிடு. நைட்ரைல் கையுறையைப் போத்தல் திறக்கும் முன் மாற்று. போத்தலை அலசாதே, அடியில் இருக்கிற வெள்ளைத் தூள் தண்ணீரில் குளோரின் இருந்தால் அதைப் போக்கப் போட்டது. உதவிக்கு வந்த பெடியன் உடம்பெல்லாம் நுளம்பு மருந்து பூசியிருந்தான், வாசலோடு அனுப்பிவிட்டேன்.

போத்தல்கள் 250 மில்லிலீட்டர், பொலிப்புரொப்பிலீன். கண்ணாடியில் இந்தச் சாமான் ஒட்டிக்கொள்ளுமாம். ஆனால் உண்மையான பெறுமதி கூடவே வருகிற சோடிப் போத்தல்களில்: ஒன்றில் பிஃபாஸ் இல்லாத தண்ணீர், மற்றது வெறுமை. கிணற்றடியில் நின்று இதிலிருந்து அதற்குள் ஊற்றி, மாதிரியோடு சேர்த்து அனுப்பவேண்டும். அதில் ஏதாவது தெரிந்தால் பிழை நம் கையில், அல்லது பெட்டியில். இது இல்லாமல் மலிவாக விற்கிற பெட்டிகளைத் தொடவே வேண்டாம்.

ஒரு புள்ளி குறைத்தது ஏன்? நீல ஜெல் ஐஸ் பை வைத்திருக்கிறார்கள். அவர்கள் தாளிலேயே நிஜ ஐஸ்தான் வேண்டும் என்று இருக்கிறது! மீன்காரரிடம் ஐஸ் வாங்கி, பையில் இறுகக் கட்டி, ரெஜிபோம் பெட்டியில் வைத்தேன். பத்துப் பாகைக்குக் கீழே நிற்கவேண்டும். தாளும் ஆங்கிலத்தில் மட்டும். தமிழிலும் சிங்களத்திலும் ஒரு பக்கம் அடிக்க என்ன செலவாகும்?

அந்தச் சோடிப் போத்தலில் ஒன்றும் காணவில்லை. ஆகவே கிணற்றுக்கு வந்த எண்ணை நம்புகிறேன். என்ன எண் என்று அறை எடுப்பவர்களுக்குச் சொல்வேன்.