'முழுசா சர்வீஸ் செய்தது' என்று விற்கும் பழைய அக்கார்டியன்: திறந்து காட்டாமல் பணம் கொடுக்காதீர்கள்

ஜெர்மனியில் பழைய இத்தாலிய அக்கார்டியன் தேடுகிறவர்கள் கவனிக்கவும். கடைக்காரர் 'முழுசா சர்வீஸ் செய்தது' என்றால் நம்பிவிடாதீர்கள்.

நான் தேடியது 1960களில் இத்தாலியின் அக்கார்டியன் ஊரான காஸ்டெல்ஃபிடார்டோவில் செய்த பெட்டி: வலது கைக்கு 41 கட்டை, இடது கைக்கு 120 பேஸ் பொத்தான், கசோட்டோ (ஒலியைக் கனிய வைக்கும் உள் அறை), கையால் செய்த ரீடு (காற்றில் அதிர்ந்து ஒலிக்கும் உலோக நாக்கு). புதிதாக இதே தரத்தில் வாங்கினால் விலை பல மடங்கு. கடைக்காரர் 6,000 யூரோ கேட்டார். ரீடு தகடுகளைப் பிடித்திருக்கும் மெழுகு புதிது, காற்றை அடைக்கும் தோல் நாக்குகள் புதிது, சுருதி 442 ஹெர்ட்ஸில் சேர்த்தாச்சு என்றார். உள்ளே காட்டச் சொன்னேன். "சுருதி கலைந்துவிடும்" என்று மறுத்து, உள்பக்கப் படம் ஒன்றைக் காட்டினார். தேன் நிறத்தில் பளபளவென்று மெழுகு. நம்பி வாங்கிவிட்டேன்.

சுருதி கலையும் என்பது பச்சைப் பொய். துருத்தியைப் பிடித்திருக்கும் ஆணிகளை உருவினால் பெட்டி இரண்டாகப் பிரியும், சில நிமிட வேலை. சுருதிக்கு ஒன்றும் ஆகாது.

குளிர்காலம் வந்ததும் நடு ஸ்தாயியில் சில சுரங்கள் இரைய ஆரம்பித்தன, ஒன்று ஊமையானது. ரிப்பேர்க்காரர் என் கண்முன் திறந்தார். மெழுகு கறுத்து வெடித்து, ரீடு தகடுகள் விரலால் ஆட்டினாலே ஆடின. தேன்மெழுகும் ரோசின் பிசினும் கலந்த அந்தப் பூச்சு வருடங்கள் போகப் போகக் காய்ந்துவிடும், குளிரில் நொறுங்கும். தோல் நாக்குகள் சுருண்டிருந்தன. எனக்குக் காட்டிய படத்தில் இருந்தவை பிளாஸ்டிக் நாக்குகள். அதாவது படம் வேறு பெட்டியுடையது! வலது பக்கம் மட்டும் 41 கட்டை, கட்டைக்கு 4 குரல், குரலுக்கு இழுக்க ஒன்று தள்ள ஒன்று என இரண்டு, ஆக 328 ரீடு. அதில் ஒரு வரிசையே மெஷின் ரீடாக மாற்றப்பட்டிருந்தது.

கடைக்காரரிடம் கேட்டால், "பழசு அப்படித்தான் இருக்கும், புதுசு வாங்குங்க" என்று புதுப் பெட்டி விலைப்பட்டியலை நீட்டுகிறார். எனக்குக் கோபம் வந்தது இங்கேதான். நல்லபடி புதுப்பித்த பழைய பெட்டியை நான் வாசித்திருக்கிறேன். மெல்ல இழுத்தாலே பேசும், கசோட்டோவின் கீழ்க்குரல் அவ்வளவு இருண்டு, கனிந்து வரும். புதிய உயர்தரப் பெட்டியில் துருத்தி இறுக்கம், கட்டைகளின் சீர், பழுதில்லாத நிம்மதி எல்லாம் உண்டு, ரீடு பழக மட்டும் கொஞ்ச காலம் ஆகும். இரண்டுமே நல்லவை. செய்யாத வேலைக்குக் காசு வாங்கியதுதான் அநியாயம்.

புதிதிலும் ஏமாற்று உண்டு. 'ஆ மானோ' என்றால் கையால் செய்தது. 'டிப்போ ஆ மானோ' அதற்கு அடுத்த தரம். இரண்டிலும் ரீடின் ஓரத்தில் நீலம் தெரியும் என்பதால் அதை மட்டும் காட்டி விற்றுவிடுவார்கள். எந்த வகை என்று பில்லில் எழுதி வாங்குங்கள்.

கடையிலேயே இன்னொன்றும் செய்யலாம். துருத்தியைக் கட்டியிருக்கும் வாரை அவிழ்த்து, எந்தக் கட்டையையும் அழுத்தாமல், பேஸ் பக்கம் கீழே இருக்கும்படி பெட்டியைத் தூக்கிப் பிடியுங்கள். பேஸ் பக்கம் சட்டென்று இறங்கினால் எங்கோ காற்று ஒழுகுகிறது.

அப்புறம் சட்டம். ஜெர்மனியில் கடையில் வாங்கிய பொருளில் முதல் ஒரு வருடத்துக்குள் குறை தெரிந்தால், அது விற்கும்போதே இருந்ததாகத்தான் கொள்வார்கள். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது கடைக்காரர். 2022-க்கு முன் இது ஆறு மாதம்தான். ரிப்பேர்க்காரர் எழுதிக் கொடுத்த அறிக்கையையும் படங்களையும் இணைத்து, சரிசெய்து தர கெடு வைத்துப் பதிவுத் தபால் அனுப்பியிருக்கிறேன். சரிசெய்ய மதிப்பீடு 2,200 யூரோ. கடையிலிருந்து இன்னும் பதில் இல்லை.